அயனி: "போறது"ன்னு பேரு வாங்கின சொல்லு

பயாலஜி படிக்கலாம்னு புக்க திறந்தா முதல் சாப்டரே கெமிஸ்ட்ரியா தான் இருக்கும், அணு மூலக்கூறு எல்லாம் சின்ன வயசுல இருந்து கேட்ட பேருங்கிறதால சமாளிச்சிரலாம், அயனின்னு வர்றப்ப தான் நிறைய பேரு முழிக்கிறாங்க. காதுல அயர்ன் மாதிரி விழுது, இரும்புக்கு சொந்தமான்னு கூட கேப்பாங்க. இல்லவே இல்ல.

அர்த்தம் சிம்பிள். சோடியம் அணுவுல 11 புரோட்டான், 11 எலக்ட்ரான், பிளஸ்ஸும் மைனஸும் சரிக்கு சரி. வெளிக்கூட்டுல ஒத்தையா நிக்கிற அந்த ஒரு எலக்ட்ரான குளோரின்கிட்ட விட்டுட்டா 11க்கு 10 ஆகி ஒரு பிளஸ் மிஞ்சுது, வாங்கிக்கிட்ட குளோரினுக்கு ஒரு மைனஸ். இப்டி எலக்ட்ரான் கூடியோ குறைஞ்சோ சார்ஜோட நிக்கிறது தான் அயனி. பிளஸ்ஸ பாத்ததும் "புரோட்டான் கூடிருச்சு"ன்னு எழுதிடாதீங்க, புரோட்டான் அணுவோட நடுவுல இருக்கிற உட்கருவுல இருந்து அசையவே இல்ல. இந்த ஒரு எலக்ட்ரான் வித்தியாசம் சின்ன விஷயமும் இல்ல, சோடியம் உலோகத்த தண்ணில போட்டா தீப்பிடிச்சு வெடிக்கும், சோடியம் அயனி பாட்டுக்கு நம்ம ரத்தத்துல ஓடிட்டு இருக்கு.

இப்ப பேருக்கு வருவோம். மைக்கேல் ஃபாரடே கரைசலுக்குள்ள ரெண்டு மின்தகட்ட விட்டு கரண்ட் பாய்ச்சி ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாரு, உள்ள ஏதோ ஒண்ணு இந்தப் பக்கமும் இன்னொண்ணு அந்தப் பக்கமும் போகுது, அதுக்கு பேரு வேணும். பேரு வைக்கிறதுல கில்லாடியான வில்லியம் ஹியூவெல்கிட்ட கேட்டாரு, அவரு கிரேக்கத்துல இருந்து "அயான்"னு எடுத்துக் குடுத்தாரு, "போய்க்கிட்டு இருக்கிறது"ன்னு அர்த்தம். 1834ல அச்சுல வந்துருச்சு. கரண்ட் பாஞ்சா தான் அயனி பிரியும்னு அப்ப நெனச்சாங்க, தண்ணில கரைஞ்சாலே பிரிஞ்சிரும்னு ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரீனியஸ் 1884ல தன்னோட ஆய்வேட்டுல சொன்னப்ப அதுக்கு கெடச்ச கிரேடு படுசுமார், 1903ல நோபலே குடுத்தாங்க!

தமிழ்ல அயனின்னு எழுதுறத பாத்தா சும்மா ஒலிபெயர்ப்பு மாதிரி தெரியும். ஆனா "அயனம்"னு ஒரு சொல்லு நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு, பயணம், போற வழின்னு அர்த்தம், சூரியன் வடக்கு நோக்கிப் போறத உத்தராயணம்னு சொல்றோம்ல அதே தான். அது சமஸ்கிருதத்துல "போ"ங்கிற வேர்ல இருந்து வந்தது, கிரேக்க சொல்லும் அதே மூதாதை வேர்ல இருந்து கெளம்பினது தான், அதனால ஒலியும் பொருந்துது பொருளும் பொருந்துது.

தனித்தமிழ்ல மின்னூட்டத் துகள்னு சொல்லலாமேன்னா, எலக்ட்ரானும் மின்னூட்டத் துகள் தானே, குழப்பம். மின்னூட்ட அணுன்னா பைகார்பனேட், பாஸ்பேட் மாதிரி பல அணு சேர்ந்த அயனிங்க வெளிய நிக்கும். மின்னணுன்னு வச்சிருக்கலாம், அத எலக்ட்ரான் தட்டிட்டு போயிருச்சு. என் ஓட்டு அயனிக்கே. பிளஸ்னா நேர்மின் அயனி, மைனஸ்னா எதிர்மின் அயனி, இதையே இங்கிலீஷ்ல கேட்டயான் ஆனயான்னு மாத்தி மாத்தி மனப்பாடம் பண்றத விட இது எவ்வளவோ தெளிவு. இலங்கைல "அயன்"னு எழுதுவாங்க, அது பிரம்மாவுக்கும் பேரு, படிக்கிறப்ப சிரிப்பு வரும்.

பயாலஜிகாரங்களுக்கு இந்த பேரு எப்ப புரியும்னா நரம்பு செல்லுக்கு வர்றப்ப. அங்க ஒரு பம்ப் 3 சோடியம் அயனிய வெளிய தள்ளி 2 பொட்டாசியம் அயனிய உள்ள இழுக்குது, பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய கசியுது, செல்லுக்கு உள்பக்கம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்ல நிக்குது. செல்லோட சவ்வுல இருக்கிற சோடியம் கதவு தெறந்ததும் சோடியம் அயனிங்க உள்ள பாயுது பாருங்க, அந்த போறது தான் நரம்புல ஓடுற சிக்னல்.