அடுத்த மணி அடிப்பதற்குள்

இரவு மூன்று மணி. சிஸ்டர் ஒருவர் ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருக்கிறார். மூலையில் ஒரு மானிட்டர் கத்துகிறது. எட்டாவது கட்டில் பெரியவர் துணையில்லாமல் பாத்ரூம் போக எழுகிறார். மேசையில் கேஸ் ஷீட் பாதி எழுதியபடி கிடக்கிறது.

இப்போது அந்த சிஸ்டரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? நரம்பு வழியே கட்டளை வந்த சில நொடிகளில் அட்ரினலின் சுரக்கிறது; நெஞ்சு படபடக்கிறது. அப்புறம் மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அந்தச் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனை விடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, ஓடியாட சக்தி கிடைக்கிறது. போதிய அளவு ஏறியதும் கார்டிசோலே மூளைக்குப் போய் ‘போதும், நிறுத்து’ என்கிறது.

அருமையான ஏற்பாடுதான். ஆனால் அடங்க நேரம் வேண்டும். ஏறிய கார்டிசோல் பாதியாகக் குறையவே சுமார் ஒரு மணி நேரம் ஆகும். வார்டில் அடுத்த அழைப்பு மணி அதற்குள் அடித்துவிடுகிறது.

இரவு டியூட்டி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. கார்டிசோல் இயல்பாகவே நள்ளிரவையொட்டிக் குறைந்து, விடியலில் உச்சத்துக்குப் போகும். சிஸ்டர் வீடு திரும்பிப் படுக்கும் நேரம், உடம்பின் கடிகாரப்படி எழ வேண்டிய நேரம். அதனால்தான் பகல் தூக்கம் துண்டு துண்டாகிறது.

இப்படிச் சோர்ந்துபோனவரை ‘மனதிடம் போதாது’ என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஐகென் குழு 2002இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அவர் பணிச்சோர்வில் விழும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடுகிறது. கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது: தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸுக்கு 2 நோயாளிகள், பொது வார்டில் 5 பேர், அதற்கு மேல் கூடாது.

மூச்சை மெதுவாக வெளியே விட்டால் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கும். அந்த நிமிடத்துக்கு அது உதவும். இரவில் 20 நிமிடம் கண்ணயர்ந்தால் கவனமும் மீளும். சரி, ஆனால் அந்த 20 நிமிடம் எட்டாவது கட்டிலைப் பார்த்துக்கொள்ள வார்டில் இன்னொரு சிஸ்டர் இருக்க வேண்டும்.