கடற்கரையில் கிடைத்தது எலும்பா, கல்லா?

நெதர்லாந்தில் தி ஹேக் நகருக்கு அருகே ‘சாண்ட்மோட்டார்’ என்றொரு மணல்திட்டு உண்டு. கரை அரிப்பைத் தடுக்க 2011-இல் கடலடியிலிருந்து 2.15 கோடி கன மீட்டர் மணலை அள்ளிக் கொட்டி உருவாக்கியது. மணலோடு பனியுகத்து மாமூத் (அழிந்துபோன யானை இனம்), காண்டாமிருகம், குதிரை எலும்புகளும் கரையேறின. பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. வட கடலின் தென்பகுதி அப்போது விலங்குகள் மேய்ந்த புல்வெளி. அங்கே கறுப்பாக ஒரு துண்டு கிடைத்தால், அது எலும்புதானா, பழையதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறத்தை நம்பாதீர்கள். சேற்றில் சில காலம் புதைந்த மாட்டெலும்பும் கறுத்துப்போகும்.

உடைந்த முகத்தைப் பாருங்கள். கல் என்றால் பெரும்பாலும் உள்ளும் புறமும் ஒரே மாதிரி இருக்கும். எலும்புக்கு வெளியே கெட்டியான ஓடு, உள்ளே கடற்பஞ்சு போன்ற வலை. அந்த ஓட்டை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் ஊசி குத்தியது போன்ற புள்ளிகள் தெரியும். நெடுக்கில் அவையே மெல்லிய கோடுகள். உயிரோடு இருந்தபோது ரத்தக்குழாய்கள் ஓடிய கால்வாய்கள் அவை. சுமார் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலம்தான். இந்தச் சின்னஞ்சிறு துளைகளில்தான் எல்லாமே நடக்கிறது.

புதைந்த பிறகு நிலத்தடி நீர் அவற்றின் வழியே ஊறிச் செல்லும். இரும்பும் மாங்கனீசும் துளைகளில் படிந்தால் எலும்பு கனக்கும், தட்டினால் கூரை ஓடு போல ‘டிங்’ என்னும். எலும்பின் கனிமத்தில் இருக்கும் ஹைட்ராக்ஸில் என்ற அணுக்கூட்டின் இடத்தை நீரிலுள்ள ஃப்ளூரின் மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளும். ஒரே மண்ணில் கிடந்த எலும்புகளுக்கு ஒரே வயதென்றால் ஃப்ளூரின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆதிமனிதனுடையவை என்று நம்பப்பட்ட ‘பில்ட்டவுன் மனிதன்’ எலும்புகளை இந்த முறையில் ஆய்வாளர் கென்னத் ஓக்லி சோதித்தார். அவை அவ்வளவு பழையவை அல்ல என்று தெரிந்தது. 1953-இல் மோசடி அம்பலமானது. தாடை ஓராங்குட்டானுடையது! எலும்பைச் சேதமாக்காமல் அளக்க நல்ல கருவிகள் வேண்டும்.

நாக்கில் ஒட்டுகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். காய்ந்த எலும்பின் காலித் துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் ஒட்டும். ஆனால் துளைகள் கனிமத்தால் அடைபட்டிருந்தால் ஒட்டாது; உடைந்த பானையின் சில்லும் நாக்கில் ஒட்டும். நாக்கு வைக்க மனமில்லை என்றால் ஒரு சொட்டு தண்ணீர் விட்டு, அது இறங்குகிறதா என்று பாருங்கள்.

காய்ச்சிய ஊசியால் தொட்டால் முடி கருகிய வாடை வந்தால் புதிய எலும்பு என்பார்கள். இதை வட கடலில் நம்பக் கூடாது. குளிர்ந்த அடிமண்ணில் கொலாஜன் என்ற எலும்புப் புரதம் பல்லாயிரம் ஆண்டுகள் தாங்கும். மாமூத் எலும்பிலும் வாடை வரலாம். வாடை வரவில்லை என்றால் கொலாஜன் போய்விட்டது என்று மட்டும் கொள்ளலாம்.

எடுத்ததும் வெயிலில் காய வைக்காதீர்கள். உப்பு படிகமாகி எலும்பைப் பிளக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, சில வாரங்கள் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு நிழலில் மெதுவாக உலர்த்துங்கள். ஈரம் போகுமுன் வார்னிஷ் அடித்தால் உள்ளே சிக்கிய நீரும் உப்பும் மேல்பூச்சை உரித்துவிடும். கிடைத்த இடம், தேதி இரண்டையும் அன்றே ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள். மனித எலும்போ என்ற சந்தேகம் வந்தால் எதையும் அசைக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.