பூட்டிய வீடுகளும் கட்டன் சாயாவும்: செவிலிய மாணவியரின் களப்பயிற்சி

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் கிராமங்களுக்கு மாணவியரை அழைத்துச் செல்லும் செவிலிய ஆசிரியர் எவரும் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கண்டுகொள்வார். காலை ஒன்பதரை மணிக்குக் கல்லூரிப் பேருந்து போய் நிற்கும்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். விடியுமுன் பால் வெட்டப் போனவர்கள், சிரட்டையில் வடிந்த பாலைச் சேகரித்து, உறைய வைத்து, ஷீட் அடித்துவிட்டு வீடு திரும்ப நண்பகல் நெருங்கிவிடும். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையிலோ, ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகள் பல நாட்கள், சில வேளைகளில் பல வாரங்கள் கழித்தே கரை சேர்வதால், படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்துக்குரியவரை நேரில் காண்பதே அரிது. இவற்றைப் பயிற்சிக்கு நேரும் இடையூறுகள் என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த ஊரின் வேலை நேரத்தை அறிந்துகொள்வதே பயிற்சியின் முதல் பாடம் என்று புரியச் சில ஆண்டுகள் பிடித்தன.

மருத்துவமனை வார்டில் உணவு, மாத்திரை நேரம், பார்வையாளர் நேரம் எல்லாம் நம் ஒழுங்குக்குள் இருக்கும்; வீட்டிலோ நாம்தான் அவர்கள் ஒழுங்குக்குள் போய் உட்காருகிறோம். செவிலியர் பையைத் தரையில் வைக்காமல் செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைப்பதும், முதலில் சோப்பையும் துண்டையும் மட்டும் வெளியே எடுத்துக் கைகழுவிய பின்னரே மற்றப் பொருள்களைத் தொடுவதும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படுகின்றன. ஆனால், கைகழுவத் தண்ணீர் கேட்கும்போது அது தெருக்குழாயிலிருந்து குடத்தில் சுமந்து வந்த தண்ணீர் என்று தெரிந்தால், எவ்வளவு கேட்பது, எங்கே ஊற்றுவது என்று மாணவி தானே யோசிக்க வேண்டியிருக்கிறது. “மக்களே, சாயா குடிக்கியா?” என்று பாட்டி கேட்டால் என்ன சொல்வது என்பதும் பாடநூலில் இல்லை. ஒரு வாய் குடிக்கச் சொல்வதே என் வழக்கம். மறுத்த வீட்டில் அடுத்த கேள்விக்கு ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும்.

அந்தச் சாயாவே ஒருமுறை எங்களுக்குப் பாடமானது. கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் அளவு 11 கிராமுக்குக் கீழே இருந்தது. கர்ப்ப காலத்தில் இது இரத்தசோகை என்று கணக்கிடப்படும். இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்ற கேள்விக்கு முதல் சந்திப்பில் ‘ஆம்’ என்று மாணவி குறித்தாள். இரண்டாம் சந்திப்பிலும் அதே ‘ஆம்’. அளவு மட்டும் ஏறவில்லை. மூன்றாம் முறை போனபோது, எதுவும் கேட்காமல் அடுக்களைப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் மாமியார் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) கொண்டுவர, மருமகள் இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து அந்தச் சாயாவோடு விழுங்கினார். தேயிலையும் கால்சியமும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்று மாணவி இரண்டாம் ஆண்டிலேயே எழுதி மதிப்பெண் வாங்கியவள். ஆனாலும் அன்றைக்குத்தான் அது அவளுக்குத் தெரிந்தது என்பேன். வெறும் தண்ணீரில் குடித்தால் குமட்டுகிறது என்ற காரணம் அதன் பிறகே வெளிவந்தது; மலம் கறுப்பாகப் போவதால் இடையிடையே மாத்திரையை நிறுத்தியதையும் அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். கால்சியத்தை வேறு வேளைக்கு மாற்றி, இரும்புச்சத்து மாத்திரையை இரவு உணவுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடலாம் என்று முடிவானபோது மாமியாரும் உடனிருந்தார். அடுக்களை அவர் பொறுப்பில் இருந்த வீட்டில் அவரை விட்டுவிட்டுப் பேசிப் பயனில்லை.

மூன்று முறை போயிராவிட்டால் இது தெரிந்திருக்காது. ஒவ்வொரு மாணவிக்கும் இருபது வீடு என்று கணக்கு வைத்துச் சர்வே படிவம் நிரப்பச் சொன்ன காலத்தில், பக்கத்து வீட்டு விவரத்தையே சற்று மாற்றி எழுதிய படிவங்கள் என் மேசைக்கு வந்ததுண்டு. அதில் மாணவியரைவிட என் குற்றமே பெரிது. இப்போது வீடுகளைக் குறைத்து, ஒரே குடும்பத்துக்கு நாலைந்து முறை போகச் சொல்கிறேன். ஒரு முறையாவது ஞாயிறு மாலையாக இருக்க வேண்டும். கடற்கரையில் ஆண்கள் வீட்டில் இருக்கும் நாள் பெரும்பாலும் அதுதான். கத்தோலிக்கக் குடும்பங்கள் சிறு குழுவாகக் கூடும் அன்பியக் கூட்டத்தில் முன்னமே சொல்லிவைத்தால் கதவும் எளிதாகத் திறக்கும்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் மாத்திரை வீட்டில் இருக்க, அதைச் சாப்பிட வேண்டியவர் கடலில் இருந்தால் என்ன செய்வது? ஆகவே ‘சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, மாத்திரை அட்டையில் மீந்திருப்பவற்றை எண்ணிப் பார்க்கவும், அடுத்த முறை படகேறும்போது எத்தனை நாளுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று மனைவியோடு சேர்ந்து கணக்கிடவும் பழக்குகிறோம்.

பயிற்சிக் குறிப்பேட்டுக்கு என்று சொல்லி வீட்டாரைக் கைப்பேசியில் படமெடுக்கும் பழக்கத்தை மட்டும் நான் அனுமதிப்பதில்லை.

பயிற்சி முடியும் நாளில், விடைபெறும் உரையை விட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அத்தனை பேரையும் பார்க்கும் கிராம சுகாதார செவிலியரிடம், எந்த வீட்டில் எதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அவரையும் அழைத்துக்கொண்டு அந்த வீடுகளுக்கு ஒருமுறை நடந்து வந்த பிறகே மாணவியரின் குறிப்பேட்டில் கையெழுத்திடுகிறேன்.