நாதசுரத்தின் உள்துளையைச் சுரண்டாதீர்கள்

வேலூரில் குழல் கருவிகளைச் செப்பனிடும் என் பட்டறைக்கு, உள்துளையைத் தேய்த்துக் கெடுத்த நாதசுரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சென்ற வாரம் ஆரணிப் பக்கத்து இளைஞர் ஒருவர் கொண்டுவந்தது இந்த ஆண்டின் நான்காவது. அவருடைய தாத்தா வாசித்த ஆச்சா மரக்கருவி அது. இரும்புக் கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தால் நாதம் பெருகும் என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார். இப்போது மத்திம ஸ்தாயி, மேல் ஸ்தாயி என்ற இரு சுர அடுக்குகளும் ஒன்றோடொன்று சேரவில்லை. தேய்த்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

நாதம் மரத்தின் கனத்தில் இருக்கிறது, மரம் மெலிந்தால் ஒலி திறக்கும் என்ற எண்ணம்தான் இத்தனைக்கும் காரணம். மரம் ஒரு சுவர் மட்டுமே. ஒலிப்பது அதற்குள் நிற்கும் காற்றுத்தம்பம். அந்தத் தம்பத்தின் நீளமும் வடிவும் எப்படியோ அப்படியே சுரமும் அமையும். கிளாரினெட்டின் துளை பெரும்பகுதி ஒரே அகலமாகச் செல்வதால், அழுத்தி ஊதினால் மேல் சட்ஜமத்தைத் தாண்டி அதற்கும் மேலுள்ள பஞ்சமத்துக்குத் தாவுகிறது. நாதசுரத்தின் துளை, வாயில் வைத்து ஊதும் சீவாளிப் பக்கம் குறுகி, கீழ்முனையில் விரிந்திருக்கும் அணசுப் பக்கம் விரிந்துகொண்டே போவதால் சரியாக மேல் ஸ்தாயிக்கு ஏறுகிறது. அந்த விரிவின் கணக்கு, குறிப்பாகச் சீவாளியைத் தாங்கும் சிறு உலோகக் குழலான கெண்டை செருகும் குறுகிய பகுதியில், நூலிழை அளவு பிசகினாலும் இரு ஸ்தாயிகளும் வெவ்வேறு அளவில் இறங்கிவிடும். மெழுகு வைத்துக் கீழ்த்துளைகளைத் திருத்தினால் இது சரியாகாது.

சுருதி ஏறுவதைக் கண்டு கருவியைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. ஒரு டிகிரி வெப்பத்துக்குக் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கத்திரி வெயிலில் சுருதி ஏறத்தான் செய்யும். அதற்கு அரத்தை எடுக்காதீர்கள்.

வாசித்து முடித்ததும் மெல்லிய பருத்தித் துணியால் உள்ளே ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் உலரவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கருவியை வைக்கவே வைக்காதீர்கள். மரம் வெடித்தால் காற்று கசியும். ஒலி கம்மினால் முதலில் சீவாளியை மாற்றிப் பாருங்கள், பிறகு கெண்டையில் சுற்றிய நூல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால், தயவுசெய்து, கம்பியை உள்ளே விடுவதற்கு முன் கொண்டுவாருங்கள்.