கப்: சொல் விளக்கம்

சமையல் குறிப்பில் 'ஒரு கப் மைதா' என்று வரும் கப், காபி குடிக்கும் கப் அல்ல. அரிசி, மாவு, சர்க்கரை போன்றவற்றை நிறுக்காமல் முகந்து அளக்கிற ஓர் அளவின் பெயர் அது. கப்பை நிரப்பிக் கத்தியால் தலைவழித்து அளக்க வேண்டும் என்ற வழக்கத்தை அமெரிக்க வீடுகளில் ஊன்றியது, 1896இல் ஃபேனி ஃபார்மர் எழுதிய பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகம். அங்கே ஒரு கப் சுமார் 237 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப்போ 180 மில்லிதான். அது ஜப்பானியர்களின் அரிசி அளவு. எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் கெடாது. குறிப்பில் பாதி கப்பிலும் பாதி கிராமிலும் இருக்கும்போதுதான் சிக்கல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலர் கோப்பை என்று எழுதுகிறார்கள். அது போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல். அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அது பாத்திரத்தைத்தான் குறிக்கிறது, அளவைக் குறிப்பதில்லை. குவளையும் அப்படியே. நம்மிடம் ஆழாக்கு இருக்கிறது. படியில் எட்டில் ஒரு பங்கு, அதாவது அரைக்கால் படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது உண்மைதான். பழைய சென்னைப் படி ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் என்பதால், அதன் ஆழாக்கு 200 மில்லியை ஒட்டி வரும். கப்புக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

பாத்திரத்தின் பெயரே அளவாவதும் நமக்குப் பழக்கம்தான். அளவுப் பெயர், நிறைப் பெயர் இரண்டையும் பற்றித் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் ஒரு நூற்பா உண்டு. உரையாசிரியர்கள் அளவுக்குக் கலம், சாடி, பானை, உழக்கு என்று காட்டுகிறார்கள். நிறைக்குக் கழஞ்சு, பலம் என்று வேறு வரிசை. முகப்பது வேறு, நிறுப்பது வேறு என்பதில் அவ்வளவு தெளிவு.

இன்று நாம் தடுமாறுவது அந்த இடத்தில்தான். 'ஒரு கப் எத்தனை கிராம்?' என்று கேட்டால், எந்தப் பொருள் என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. அமெரிக்கக் கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராம் பிடிக்கும், மைதா 125தான். அதிலும் மைதா பொல்லாதது. கரண்டியால் லேசாக அள்ளிப் போட்டுத் தலைவழித்தால் 125; கப்பையே டப்பாவுக்குள் குத்தி அள்ளினால் மாவு அமுங்கி 150 வரை போகும். கேக் கல்லாகிப் போவதற்கு இந்த 25 கிராமே போதும். அரிசியும் பருப்பும் இப்படி அமுங்குவதில்லை.

ஆழாக்கை 200 மில்லி என்று வைத்துக்கொண்டால் சர்க்கரை 170 கிராம், பச்சரிசி ஏறக்குறைய 160, மைதா 105. உங்கள் வீட்டு டம்ளர் வேறாக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு பொருளையும் ஒருமுறை தலைவழித்து அளந்து, தராசில் வைத்து, வரும் எண்ணை அந்தந்த டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். மாவு டப்பாவில் மட்டும், எப்படி அள்ளினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.