வன்னியில் காணி வாங்க வருகிறவர்களுக்கு

மாங்குளத்துக்கு அண்மையில் ஐந்து ஏக்கர் மேட்டுக்காணியை வாங்கிவிட்டதாக நம்பியிருந்த இன்னொரு குடும்பம் அண்மையில் என்னைத் தேடி வந்தது. விற்பனை உடன்படிக்கை ஒன்று, முத்திரையின் மேல் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு, தன் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுத்து விற்றவர் எழுதிக்கொடுத்த அற்றோர்ணித் தத்துவம், லேமினேட் செய்யப்பட்ட காணி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். விற்றவர் இறந்துவிட்டார். பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பின் காணியைப் பெறுபவராக, பதியப்பட்டிருக்கும் அவருடைய மகள் வேலியைப் பிடுங்கச் சொல்கிறார். சட்டம் மகளின் பக்கமே நிற்கிறது என்று நான் சொன்னபோது, இத்தகைய வழக்குகளில் எப்போதும் கேட்கும் அதே வசனத்தைக் கேட்டேன்: "நொத்தாரிசு முன்னால்தானே எழுதினோம்?"

வன்னிக் காணியை யாழ்ப்பாணத்துக் கணக்கில் பார்ப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். குடாநாட்டில் பரம்பரை பரம்பரையாக உறுதிக் காணிகளே, அதாவது உறுதிப் பத்திரம் உள்ள தனியார் காணிகளே, கைமாறி வந்தன. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையும், முதுசமும் (பரம்பரைச் சொத்து) சீதனமும் அந்த உறுதிகளோடு வளர்ந்தவை. இங்கே நிலைமை வேறு. 1978இல் தனி மாவட்டமான முல்லைத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 2,617 சதுர கிலோமீற்றர் பரப்பில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது சுமார் 92,000 பேரே வாழ்ந்தார்கள். மீதியெல்லாம் பெரும்பாலும் காடும் குளமும் களப்பும். முள்ளியவளை, தண்ணீரூற்று, குமுழமுனை போன்ற பழைய ஊர்களில் உறுதிக் காணிகள் உண்டு. ஆனால் சுதந்திரத்துக்குப் பின் வவுனிக்குளமும் முத்தையன்கட்டுக் குளமும் திருத்தப்பட்டு, அவற்றின் கீழ் குடியேற்றப்பட்ட மக்கள் காடு வெட்டிக் கமம் செய்த நிலங்கள் அரச காணிகள். கிளிநொச்சியில் இரணைமடுவின் கீழுள்ள குடியேற்றங்களும் அவ்வாறானவையே. அங்கே குடியிருப்பவருக்கு இருப்பது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம், அல்லது அதற்குப் பின், நிபந்தனைகளோடு காணியை வழங்கி அரசு கொடுத்த அளிப்புப் பத்திரம்.

அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அந்தக் காணியை விற்க முடியாது. அளிப்புப் பெற்றவர் பிரதேச செயலாளரின் முன் அனுமதியைப் பெற்றே கைமாற்றலாம். அனுமதியின்றிச் செய்தால் அந்தக் கைமாற்றம் செல்லுபடியற்றது.

செல்லுபடியற்றது என்றால் நொத்தாரிசு கையொப்பமிட்டதும் செல்லுபடியற்றதுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் பலருக்கு மனத்தில் ஏறுவதில்லை. நொத்தாரிசு உரிமையை உண்டாக்குபவர் அல்லர். விற்பவரிடம் இருக்கும் உரிமை வாங்குபவருக்குப் போவதை அவர் எழுத்தில் அத்தாட்சிப்படுத்துகிறார். விற்பவரிடம் விற்கும் உரிமையே இல்லாதபோது அவரிடமிருந்து எதுவும் போகாது. அதற்கும் மேலாக, இச்சட்டத்துக்கு மாறான கைமாற்றத்தை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவே கூடாது என்று அதே கட்டளைச் சட்டம் தடை செய்கிறது. தரகர்கள் உங்களுக்கு உறுதி எழுதித் தராமல் 'உடன்படிக்கை' என்றும் 'அற்றோர்ணித் தத்துவம்' என்றும் எழுதித் தருவதற்குக் காரணம் இதுவே. அந்தத் தாளில் எத்தனை முத்திரை ஒட்டினாலும் காணி நகராது. அற்றோர்ணித் தத்துவமோ, எழுதிக்கொடுத்தவர் இறந்ததுமே முடிந்துவிடுகிறது. (இப்படியான தாள்களை எழுதிக்கொடுக்கும் என் சகதொழிலாளர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை அச்சில் சொல்வது முறையன்று.)

அடுத்த நம்பிக்கை பத்து வருடக் கணக்கு. தனியார் காணியில் பத்து ஆண்டுகள் தடையின்றி, எதிரிடையாக ஆட்சி செய்தவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது உண்மை. அரசுக்கு எதிராக அந்தக் கணக்கு ஓடுவதில்லை. நாற்பது வருடம் தென்னை வைத்தவருக்கும் பதில் இதுதான். தனியார் காணியிலும்கூட, போரினால் தமது காணிக்கு வர முடியாமற்போனவர்களுக்கென 2016இல் ஆட்சியுரிமை பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது என்பதை, இடம்பெயர்ந்தவரின் வளவில் வீடு கட்டியவர்கள் நினைவிற் கொள்ளட்டும்.

சனாதிபதியின் கையொப்பம் இருப்பதால் அளிப்புப் பத்திரத்தைப் பூரண உறுதி என்று எண்ணுகிறவர்களும் உண்டு. முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். பின்னால் அட்டவணையில் நிபந்தனைகள் உள்ளன. காணியை எந்த அளவுக்குக் கீழே துண்டாடக் கூடாது என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஏக்கருக்குப் 16 பரப்பு என்று கணக்கிட்டு, இரண்டிரண்டு பரப்பாக எட்டுத் துண்டு போட்டு, நடுவே கிறவல் பாதை காட்டி விற்கும் தரகர் அந்தப் பக்கத்தை உங்களுக்குக் காட்டமாட்டார்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. இலங்கைக் குடியுரிமையைத் துறந்து வேறு நாட்டுப் பிரசையாகி, இரட்டைக் குடியுரிமையும் பெறாதவர் என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் உறுதிக் காணியைக்கூட நீங்கள் விலைக்கு வாங்குவதைத் தடுக்கிறது. மச்சான் பெயரில் வாங்கி வைப்பது உங்கள் குடும்ப விடயம். பின்னர் மச்சானோடு வழக்குப் பேச வரும்போது என் மேசையில் வைக்க உங்களிடம் ஒரு துண்டும் இருக்காது.

காணியில் குடியிருப்பவர்களிடம் சற்று மென்மையாகவே கேட்கிறேன். அம்மா, ஐயா, பின்னுரித்தாளரை நியமியுங்கள். நியமனம் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். அலுமாரிக்குள் எழுதி வைத்த கடிதம் போதாது. கணவன் இறந்தால் மனைவியும், மனைவி இறந்தால் கணவனும் முதலில் காணியை அனுபவிப்பார்கள். அவர்களுக்குப் பின்னரே பின்னுரித்தாளரின் முறை வரும். நியமனம் இல்லாதபோது மூத்த மகனுக்கே முன்னுரிமை என்றிருந்த பழைய ஏற்பாட்டின் பாகுபாட்டை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியிருக்கிறது. ஆகவே மகள்மாருக்கு உரிமையில்லை என்று சொல்லும் அண்ணன்மாரை நம்ப வேண்டாம். இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி எழுத்தில் விண்ணப்பியுங்கள். இருக்கும் பத்திரத்தைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். உத்தியோகத்தர் அதில் எதையும் எழுத முடியாமற் போகிறது.

வாங்க வருகிறவர்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தரையும் நேரிற் சந்தியுங்கள். உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேட்டின் பிரதி) எடுத்துப் பாருங்கள். வயலென்றால் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். வயலை அனுமதியின்றி மூட 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டம் இடம் தராது. காணியைச் சுற்றி முழுவதும் நடந்து, குளத்து ஒதுக்கு எங்கே தொடங்குகிறது, பற்றைக்குள் வனத்திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறதா என்று பாருங்கள். தரகர் "பிறகு பார்க்கலாம்" என்றால் அன்றே திரும்பிவிடுங்கள்.