நஞ்சுக்கொடியில் ஒரு பழைய வைரஸ்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐந்து மாதக் கர்ப்பிணி. கோவிட் ஊசி நஞ்சுக்கொடியைக் கெடுக்கும் என்று புலனத்தில் வந்த பழைய செய்தி மறுபடி சுற்றுகிறதாம். “பால் வெட்டின காலத்துல நாங்க என்ன ஊசி போட்டோம்?” என்கிறாராம் மாமியார்.

முதலில், கோவிட் வந்தால் தாயின் பாடு. வயிறு பெருக்கப் பெருக்க நுரையீரலுக்கு அடியிலுள்ள உதரவிதானத் தசை மேலே ஏறுகிறது, நுரையீரலின் கையிருப்புக் காற்று குறைகிறது. ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. இரத்தமும் எளிதில் உறையும். 1918 இன்ஃபுளுவென்சாவும் 2009 எச்1என்1 பன்றிக் காய்ச்சலும் கர்ப்பிணிகளைக் கூடுதலாக வாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். மலேசியாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2020-இல் சுமார் 25 ஆக இருந்த தாய்மாரின் பேறுகால மரணம், கோவிட்டின் டெல்டா வகை பரவிய 2021-இல் 68-ஐத் தொட்டது.

சரி, பிள்ளைக்கு? நஞ்சுக்கொடியின் நுண்விரல்கள் தாயின் இரத்தத்தில் நேரடியாக நனைந்தபடி இருக்கின்றன. அவற்றைப் போர்த்திய தோலில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே எல்லையே கிடையாது. எண்ணற்ற செல்கள் ஒன்றோடொன்று கலந்து, கோடிக்கணக்கான உட்கருக்கள் கொண்ட ஒரே செல்லாகிவிட்டன! செங்கல் சுவரென்றால் இடுக்கு இருக்கும். இது ஒரே வார்ப்பில் போட்ட கான்கிரீட். வைரஸ் புகுவது லேசல்ல.

செல்களை இப்படி இணைப்பது சின்சிட்டின் என்ற புரதம். அதற்கான மரபணு ஒரு ரெட்ரோவைரஸ் விட்டுப்போனது; தான் தொற்றிய செல்லின் மரபணுவோடு தன் மரபணுவையும் சேர்த்துவிடும் வகை வைரஸ் அது. இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, நம் குரங்கின மூதாதையரின் இனப்பெருக்கச் செல்களில் அது தொற்றியது. அன்று செல்லுக்குள் நுழைய அது வைத்திருந்த கருவிதான் இன்று செல்லோடு செல்லைச் சேர்க்கிறது. இது 2000-இல்தான் தெரியவந்தது.

புரளி முளைத்ததும் இங்கேதான். கோவிட் வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் ஸ்பைக் புரதத்துக்கு எதிராக, ஊசி ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை உருவாக்குகிறது. சின்சிட்டினும் ஸ்பைக்கைப் போலிருப்பதால் அதையும் அது தாக்குமாம். ஆனால் ஸ்பைக்குக்கும் சின்சிட்டினுக்கும் ஒற்றுமை மிகச் சொற்பம். தவிர, நோய் வந்தாலும் அதே வகை ஆன்டிபாடிதானே உருவாகிறது? புரளி உண்மையென்றால் கோவிட் வந்தவர்களுக்கெல்லாம் அப்புறம் கருவே தங்கியிருக்காது.

அதற்காக அந்தச் சுவர் அசைக்க முடியாதது என்றில்லை. ருபெல்லா, ஸிக்கா வைரஸ்கள் அதைத் தாண்டும். கோவிட் பிள்ளையைத் தொற்றுவது அபூர்வம். ஆனால் சிலருக்கு நஞ்சுக்கொடியையே அழற்சியாக்கி, பிள்ளை இறந்து பிறக்கக் காரணமாகியிருக்கிறது. தாய்க்கு நோய் முற்றினால் குறைப்பிரசவ ஆபத்தும் உண்டு.

மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஐஜிஜி என்ற ஆன்டிபாடியைப் பிடித்துப் பிள்ளைப் பக்கம் ஏற்றிவிடும் ஏற்பிகள் அந்தச் சுவரிலேயே இருக்கின்றன. தாய் போட்டுக்கொண்ட ஊசியின் பலன், பிள்ளை பிறந்து சில மாதம் வரை கூட வரும். எந்த வாரத்தில் போடலாம் என்பதை, அடுத்த முறை பிங்க் புத்தகத்தோடு கிளினிக் போகும்போது மிஸியிடமே கேட்டுவிடுங்கள்.